கரையில் நின்று அல்பி பிடிக்க: கல்லா, மணலா, எந்த இரை?

அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால், கரையில் தூண்டில் போடுபவர்களின் பேச்செல்லாம் ஒரே மீனைச் சுற்றியே இருக்கும். ஃபால்ஸ் அல்பகோர் என்பது அதன் பெயர். எல்லோரும் சுருக்கமாக அல்பி என்பார்கள். பெயரில் அல்பகோர் இருந்தாலும் அது வேறு இனம். தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் சூரை என்று ஏலம் போகிறதே, யூதின்னஸ் அஃபினிஸ், அதன் அட்லாண்டிக் உடன்பிறப்புத்தான் இந்த யூதின்னஸ் அலெட்டெரேட்டஸ். முதுகின் பின்பாதியில் மையால் கிறுக்கியது போன்ற வரிகளும், மார்புத் துடுப்புக்குக் கீழே விரல் பதித்தது போன்ற சில கரும்புள்ளிகளும் இரண்டுக்கும் உண்டு. முதல் அல்பியைக் கையில் தூக்கியபோது, "இது நம்ம ஊர்ச் சூரையல்லவா" என்றுதான் என் வாயில் வந்தது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தென்கரைக்கு இந்த மீன் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்து, அக்டோபர் நடுப்பகுதிக்குள் போய்விடும். வேலைக்குப் போகிற ஒருவருக்கு இந்த ஆறேழு வாரங்களில் கிடைப்பவை பத்துப் பன்னிரண்டு காலைகள். அவற்றிலும் காற்றும் அலையும் இரண்டு மூன்றைப் பறித்துக்கொள்ளும். ஆகவே படகு இல்லாமல், ஒரே ஒரு கோலோடு நடந்து போய் முதல் அல்பியைப் பிடிக்க நினைப்பவர், எங்கே நிற்பது, மீனைத் துரத்துவதா காத்திருப்பதா, எதை வீசுவது என்ற மூன்று முடிவுகளையும் வீட்டிலேயே எடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஐந்து பருவங்கள் இந்தக் கரையில் நின்ற அனுபவத்தை வைத்து அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

எந்த ஊர் என்பதை முதலில் விரைவாகப் பார்த்துவிடலாம். தெற்கே வட கரோலினாவின் கேப் லுக்அவுட்டில் பருவம் தாமதமாக, அக்டோபரிலும் நவம்பரிலும் உச்சம் பெறுகிறது; அங்கே வரும் மீன்கள் உருவத்திலும் பெரியவை. ஆனால் அது தீவு என்பதால் படகேறித்தான் போக வேண்டும், அங்கே மீன் பிடிப்பவர்களில் பெரும்பாலோரும் படகுக்காரர்களே. நியூயார்க்கின் மான்டாக் முனையில், 1796-இல் கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தின் காலடிப் பாறைகளிலிருந்தே அல்பி பிடிக்க முடியும். ஆனால் அலையும் கடுமை, கூட்டமும் கடுமை. மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 1946 முதல் நடந்துவரும் ஐந்து வாரத் தூண்டில் போட்டியில் அல்பிக்குத் தனி இடமும், கரையில் நின்று பிடிப்பவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. மெனெம்ஷாவின் கற்சுவரும் லாப்ஸ்டர்வில் கடற்கரையும் இந்த மீனுக்குப் பெயர் போனவை. ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் தங்க முடிந்தவருக்கு நான் அந்தத் தீவையே சொல்வேன். வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டியவருக்கு ரோட் ஐலண்டின் தென்கரைதான் பொருத்தம், ஏனென்றால் அங்கே சில மைல்களுக்குள் மூன்று முகத்துவாரங்கள் இருக்கின்றன. ஒன்று சரியில்லை என்றால் கால் மணி நேரத்தில் அடுத்ததற்குப் போய்விடலாம்.

அந்தக் கரையின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும், முடிவு அதில்தான் இருக்கிறது. நீளமான மணல்மேட்டுக்குப் பின்னால் வின்னபாக், குவானாகான்டாக், நினிகிரெட் என்று உப்பங்கழிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கழியையும் கடலோடு சேர்க்க, இருபுறமும் பாறை அடுக்கிய குறுகிய வாய்க்கால் ஒன்று உண்டு. அதை அங்கே பிரீச்வே என்கிறார்கள். வீக்கபாக், குவானாகான்டாக், சார்ல்ஸ்டவுன் என்பவை அந்த மூன்றின் பெயர்கள். நம் ஊரில் தூண்டில் வளைவு என்று கட்டுகிறோமே, பார்வைக்குக் கிட்டத்தட்ட அதுபோல்தான் இருக்கும், ஆனால் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஆறு போல் நீர் ஓடும். கோடை முழுக்கக் கழிக்குள் வளர்ந்த நெத்திலி, சில்வர்சைடு, மென்ஹேடன் குஞ்சு எல்லாம் வற்றத்தின்போது, அதாவது கடல் நீர் இறங்கும் வேளையில், இந்த வாய்க்கால் வழியாகக் கடலுக்கு இழுத்து வரப்படுகின்றன. அல்பி வெளியே, ஓட்டமும் கடல் நீரும் முட்டிக்கொள்ளும் இடத்தில், வாசலில் விருந்துக்குக் காத்திருப்பதுபோல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்று, திறந்த மணற்கரை. குவானாகான்டாக்குக்கும் சார்ல்ஸ்டவுனுக்கும் இடையே ஈஸ்ட் பீச் என்று மூன்று மைல் நீளத்துக்கு வெறும் மணல் கிடக்கிறது. அங்கே நின்றால் தோளோடு தோள் உரசும் கூட்டம் இல்லை. மீன் மாட்டியபின் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அதோடு நடக்கலாம். கடைசியில் ஓர் அலையோடு சேர்த்து மெல்லக் கரையேற்றிவிடலாம், நரம்பு பாறையில் உரசி அறுந்துபோகும் என்ற பயம் இல்லை. குறை ஒன்றுதான், ஆனால் அது பெருங்குறை: அந்த மூன்று மைலில் எந்த ஓர் இடத்துக்கும் மீன் வர வேண்டிய காரணம் இல்லை. நெத்திலிக் கூட்டம் அலை ஓரமாகவே ஒட்டிப் போகிற நாட்களில் மணலிலிருந்து இருபது அடியில்கூட அல்பி துள்ளும். மற்ற நாட்களில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் துள்ளிக்கொண்டே இருக்கும்.

கல்லுக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைத்துச் சொல்வது தவறு. நீர் ஏறி இறங்கும் பகுதியில் பாறையின் மேல் படிந்திருக்கும் கரும்பாசி எண்ணெய் பூசிய தட்டுக்குச் சமம். என் இரண்டாவது பருவத்தில் சாதாரண ரப்பர் பூட்ஸோடு இறங்கி, மீனைத் தூக்கக் குனிந்த இடத்தில் வழுக்கி, முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வந்தேன். கோலின் நுனியும் முறிந்தது. அன்றிலிருந்து ஆணி பதித்த காலணி இல்லாமல் கல்லில் ஏறுவதில்லை. மீன் ஓடும்போது நரம்பு பாறை விளிம்பில் பட்டால் அந்த நொடியே போய்விடும், ஆகவே கோலை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பவர்களைத் தாண்டி நடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மாட்டினால் மற்றவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வழிவிடுவது அங்கே எழுதாத சட்டம். புதிதாகப் போகிறவர் இதை முதல் நாளே கடைப்பிடித்தால் அந்தக் கூட்டம் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொள்ளும்.

இரண்டையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. முதல் அல்பியைத் தேடுகிறவர் வற்ற நேரத்தில் முகத்துவாரக் கல்லில் நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாளிலும், புயல் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு நீண்ட அலைகளை அனுப்பும் நாளிலும், கல்லின் நுனியை நீர் ஒருமுறையாவது மூடுவதைக் கண்ட நாளிலும் மணலில்தான் நிற்க வேண்டும். அந்த நாட்களில் கல்லில் எவ்வளவு மீன் துள்ளினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

வற்ற நேரம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடலோர ஓத அட்டவணையில் நீர் முழுதாக வற்றிவிட்டதாகக் காட்டும் வேளையிலும், குறுகிய வாய்க்கால் வழியே கழி இன்னும் காலியாகிக்கொண்டிருக்கும். அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு "ஓட்டம் முடிந்தது" என்று கிளம்புகிறவர்கள் நல்ல நேரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். நேரில் போய், வாய்க்காலில் மிதக்கும் நுரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் சரியான அட்டவணை. விடியற்காலையும் வெளியோடும் நீரும் ஒன்றாக அமையும் நாள் கிடைத்தால், மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டாவது போக வேண்டும்.

அடுத்தது, துரத்துவதா நிற்பதா. அல்பி கூட்டமாக மேலே வந்து இரையைக் கிழிக்கும்போது நீர் கொதிப்பது போல் இருக்கும். மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு செங்குத்தாக விழும். அதைக் கண்டவுடன் கால்கள் தாமாக ஓடத் தொடங்கும். ஆனால் இந்தக் கூட்டம் ஓரிடத்தில் நிற்பது பெரும்பாலும் சில நொடிகளே. ஒரு செப்டம்பர்க் காலையில் மணலில் நான் ஏழு முறை அப்படி ஓடினேன். ஒவ்வொரு முறையும் நான் மூச்சு வாங்க வந்து சேரும்போது நீர் கண்ணாடி போல் கிடந்தது. வெள்ளிச் செதில்கள் மட்டும் மெதுவாக அடியில் இறங்கிக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் முகத்துவாரத்தின் நுனியில் ஒரு பெரியவர் மடக்கு வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தபடி, எதுவும் துள்ளாத வெற்று நீரில், ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப வீசிக்கொண்டிருந்தார். அவர் அன்று மூன்று மீன் பிடித்தார். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. ஓய்வாக இருந்தபோது அவரிடம் கேட்டேன். மீன் வட்டமடிக்கிறது, இந்த மூலையை அது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கடக்கிறது, நான் எங்கே போக வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு நான் பிடித்த மீன்களில் பெரும்பகுதி, துள்ளல் எதுவும் தெரியாத நீரில் வீசிப் பிடித்தவை. ஓட்டம் உள்ள இடத்தில் நிற்பவருக்குக் காத்திருப்பது இலாபம். ஓட்டம் இல்லாத மணலில் நிற்பவருக்கு நடப்பது இலாபம். ஆனால் அப்போதும் மீனின் பின்னால் ஓடக் கூடாது. கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று இரண்டு துள்ளல்களைப் பார்த்துக் கணித்து, அதற்கு முன்னால் இருநூறு அடி தள்ளிப் போய் நின்றுகொள்ள வேண்டும்.

இப்போது இரை. மூன்று வகைப் போலி இரைகள் கடைகளில் போட்டியிடுகின்றன. உலோகத் தகடு, எபாக்ஸி ஜிக், மென்பிளாஸ்டிக். உலோகத் தகடுகளில் டெட்லி டிக் பழைய பெயர். ஒன்றரை அவுன்ஸ் தகட்டை ஒன்பதடிக் கோலில் வீசினால் எதிர்காற்றிலும் அறுபது எழுபது மீட்டர் போகும். அதன் நன்மை அதோடு முடிகிறது. கனமான உலோகம் சுருட்டுவதை நிறுத்தினால் உடனே மூழ்கும், அதனால் வேகமாகவே சுருட்ட வேண்டியிருக்கும். துள்ளும் கூட்டத்தின் நடுவில் விழுந்தால் அடி விழும், வெற்று நீரில் அதை நாள் முழுக்க வீசினால் தோள்தான் வலிக்கும். அல்பிக்கு வேகமான இரைதான் பிடிக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். எந்த ரீலையும்விட அந்த மீன் வேகமானது. அதை ஏமாற்ற வேகம் தேவையில்லை, அது அன்று தின்றுகொண்டிருப்பதைப் போல் தோன்றினால் போதும் என்பதே என் அனுபவம்.

எபாக்ஸி ஜிக், உள்ளே ஈயமும் வெளியே கண்ணாடி போன்ற பிசின் பூச்சும் கொண்டது. அதே எடையுள்ள தகட்டைவிட உருவம் பெரிதாக இருப்பதால் நீரின் மேல்மட்டத்திலேயே நிதானமாகச் சுருட்ட முடியும். முக்கால் அவுன்ஸ் ஜிக் ஒன்று நெத்திலியின் நீளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இதையே சொல்வேன், தூரமும் தோற்றமும் இரண்டும் ஓரளவுக்கு இதில் கிடைக்கின்றன. நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். நான் ஆலிவ் பச்சையும் வெளிர் சிவப்பும் மட்டும் வைத்திருக்கிறேன். இவற்றால் மீன் கிடைக்காத நாளில் வேறு நிறத்தால் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

மென்பிளாஸ்டிக்கில் அல்பி ஸ்நாக்ஸ் என்ற ஐந்தங்குல இரை இந்தக் கரையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஈயம் எதுவும் சேர்க்காமல் ஒற்றை முள்ளில் கோத்து வீசி, மேல்மட்டத்தில் சின்னச் சின்ன இழுப்பாக, அடிபட்ட மீன் துடிப்பதுபோல் கொண்டுவர வேண்டும். நிறுத்தினாலும் கிட்டத்தட்ட அங்கேயே மிதந்து மெல்ல இறங்கும். காத்திருந்து வீசுகிறவருக்கு இதைவிடச் சிறந்த இரை எனக்குத் தெரியவில்லை. முகத்துவார ஓட்டத்தில் அது இயல்பாக அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நமக்கே மீன் போலத் தெரியும். ஆனால் எடை குறைவு. முகத்தில் காற்றடிக்கும் நாளில் முப்பது மீட்டர் போவதே கடினம். இந்தக் கரை தெற்கு நோக்கியது, பருவத்தில் அடிக்கடி வீசுவது தென்மேற்குக் காற்று. ஆகவே காற்று எழும்பும் பிற்பகலில் மென்பிளாஸ்டிக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜிக்குக்கு மாறுவது வழக்கமாகிவிடும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, அதை அதிகம் பேர் எடுத்துப் பேசுவதில்லை. முட்டை வடிவ மரமிதவை ஒன்றைக் கட்டி, அதற்குப் பின்னால் மூன்றடி நரம்பில் இறகால் கட்டிய சிறு ஃபிளையை விடுவது. மிதவையின் எடை தூரத்தைக் கொடுக்கிறது. பின்னால் வருவதோ விரல் நீளம்கூட இல்லாத இரை. ஒன்றரை அங்குலக் குஞ்சுகளை மட்டும் மீன் பொறுக்கித் தின்றுகொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கும் காலைகள் வரும், அப்போது இதற்கு இணையாக எதுவும் இல்லை. என் பையில் இரண்டு மிதவைகள் எப்போதும் இருக்கும்.

ஃபிளையை நரம்பின் எடையாலேயே முன்னும் பின்னும் ஆட்டி வீசும் ஃபிளைக் கோல் பற்றி இரண்டு சொல். பத்தாம் எண் கோலும் பாப் பாபோவிக்ஸ் உருவாக்கிய சர்ஃப் கேண்டி ஃபிளையும் இந்த மீனுக்காகவே செய்தவை போல் பொருந்தும், அந்தச் சண்டையின் சுவையும் தனி. ஆனால் பின்வீச்சுக்கு இடமில்லாத கற்சுவரில், பின்னால் மனிதர்கள் நடமாடும் நேரத்தில், அதைப் புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோல், ரீல், நரம்பு விஷயத்தில் பெரிய தேர்வு கிடையாது. எட்டு அல்லது ஒன்பதடி ஸ்பின்னிங் கோல், 4000 அளவு ரீல், 20 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு இருநூறு மீட்டருக்குக் குறையாமல். கரையில் கிடைக்கும் அல்பி பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டு வரைதான் இருக்கும், ஆனால் முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு போகும், ரீலின் பிரேக் வழுவழுப்பாக விடாவிட்டால் அந்த ஓட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். நுனி நரம்பு மட்டும் யோசிக்க வேண்டியது. தெளிந்த நீரில் இந்த மீனின் பார்வை கூர்மை. 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் தங்கூசியில் அதிகம் கடிக்கும், 20 பவுண்டில் பாறை உரசலைத் தாங்கும். நான் மணலில் பதினைந்தும் கல்லில் இருபதும் கட்டுகிறேன்.

கடைசியாக, பிடித்த மீனை வைத்துக்கொள்வதா விடுவதா. சதை இரத்தச் சிவப்பு, வாசம் கடுமை என்று அமெரிக்கர்கள் பலர் இதைச் சாப்பிடுவதில்லை. சூரைக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தக் குறை பொருந்தாது. ஆனால் இது உடல் வெப்பம் மிகுந்த மீன். உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியில் புதைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் கூடி, சாப்பிட்டவரின் முகமும் உடலும் சிவந்து நமைக்கும், தலையும் வலிக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பனிப்பெட்டியைக் கல்லின் நுனிவரை தூக்கிக்கொண்டு போகாதவர் மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. அளவு, எண்ணிக்கை பற்றிய விதிகளையும் உரிமத்தையும் அந்தந்த மாநிலத்தின் மீன்வளத் துறையில் புறப்படுமுன் பார்த்துவிட வேண்டும்.

நான் பருவத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுகிறேன். நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் ஆய்வாளர்கள் 2022-இல் நான்டக்கெட் சவுண்டில் அல்பிகளுக்கு ஒலிக்கருவி பொருத்தி விட்டுப் பின்தொடர்ந்தபோது, பெரும்பாலானவை பிழைத்துப் போனது தெரியவந்தது. விடும் முறைதான் வித்தியாசமானது. இதற்குக் காற்றுப்பை கிடையாது, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் பாய்ந்து மூச்சு வரும். மற்ற மீன்களைப் போல் நீரில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தால் அது மூச்சு முட்டிச் செத்துவிடும். வால் காம்பு மரக்கட்டை போல் கடினமாக இருப்பதால் அங்கே பிடித்துத் தூக்கலாம். தூக்கிய கணத்திலிருந்து வால் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த நடுக்கம் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறும். அப்படியே தலை கீழாக, ஈட்டி எறிவது போல், ஆழமான நீருக்குள் வேகமாகப் பாய்ச்ச வேண்டும். விழுந்த வேகத்திலேயே அது வாலை ஒருமுறை அடிக்கும், பச்சை முதுகு ஒரு நொடி தெரியும், பிறகு ஓட்டத்துக்குள் போய்விடும்.